ரீங்காரம் அறுபடும் இடம்

லாஸ் ஏஞ்சலிஸின் வடபுறத்தில் உள்ள சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், பழைய படங்களைச் செப்பனிட்டு வட்டுகளாக வெளியிடுவோருக்கு வசன வரிகள் எழுதிக்கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அமெரிக்காவின் வயதுவந்தோர் படத் தொழில் நெடுங்காலம் வேரூன்றியிருந்த பகுதி அது. ஆகையால் 1970களிலும் 80களிலும் எடுக்கப்பட்ட அத்தகைய படங்களும் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் விண்கலமோ வேற்றுக்கிரகமோ வருபவை எல்லாம் என் பங்குக்கு ஒதுக்கப்பட்டன. அறிவியல் புனைகதை விரும்பிப் படிப்பவன் என்று நேர்முகத் தேர்வில் சொல்லிவைத்ததன் வினை.

செவித்திறன் குறைந்தோருக்கான வரிகளில் பேச்சை மட்டும் எழுதினால் போதாது. வரிக்கு 42 எழுத்து, திரையில் இரண்டே வரி என்ற கட்டுக்குள் கதவின் ஓசை, இயந்திர இரைச்சல், இசையின் தன்மை ஆகியவற்றையும் குறித்தாக வேண்டும். இந்தக் கடமைதான் இப்படங்களின் கதை எந்த இடத்தில் முறிகிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது. விண்கலத்துக்குள் நடக்கும் உரையாடல்களின் அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். படுக்கைக் காட்சி தொடங்கியதும் அது அறுந்துபோய், எந்த ஊர் விடுதியறைக்கும் பொருந்தக்கூடிய கிதார் இசை ஒலிக்கும். காட்சி முடிந்தால் ரீங்காரம் திரும்பிவிடும். இடைப்பட்ட நேரத்தில் கலம் எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை. ஈர்ப்புவிசை இல்லாத வெளியில் உடல் எப்படி நடந்துகொள்ளும், வேற்றுயிரின் உடலில் இன்பம் என்பது எதைக் குறிக்கும் என்பன போன்ற, அந்தக் கற்பனை உலகமே எழுப்பிய கேள்விகள், அவற்றுக்கு விடை சொல்லக் கிடைத்த ஒரே இடத்தில் கைவிடப்பட்டன. பூமி அழிய ஆறு மணி நேரமே இருக்கிறது என்று தளபதி அறிவித்த பிறகும் எவருக்கும் அவசரம் இருக்காது. கடிகாரம் பார்க்கும் ஒரே ஆள் வரி எழுதும் நான்தான்.

பணமில்லாமைதான் காரணம் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார். நான் அதை ஏற்கவில்லை. பழைய விண்வெளித் தொடர்களைக் கேலி செய்து 1974இல் வெளிவந்த ‘ஃபிளெஷ் கோர்டன்’ படத்தின் மாதிரிக் கலங்களிலும், அசையும் பொம்மை அரக்கர்களிலும் தேர்ந்த கைகள் உழைத்திருந்தன. அதில் பணியாற்றிய டென்னிஸ் மியூரன் பின்னர் 1977இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் காட்சி வித்தைகளிலும் பங்கேற்றார். ஆனாலும் அந்தப் படம் கேலிச்சித்திரம் என்ற அளவிலேயே நின்றது. இரவல் வாங்கிய உலகத்துக்கு விதிகள் வகுக்கும் வேலை இல்லை. பார்வையாளர் ஏற்கெனவே அறிந்த கதையைக் கண்சிமிட்டி நினைவூட்டினால் போதும். நம் படங்களில் கதை நடுவே நின்று சுவிட்சர்லாந்தின் பனிமலைக்குப் போய் ஆடிவிட்டு வரும் பாட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்தபின் காதலர்கள் முன்பிருந்த நிலையிலேயே இருந்தால் அந்தப் பாட்டை வெட்டிவிடலாம் அல்லவா? இப்படங்களில் பெரும்பாலானவற்றில் வெட்டக்கூடிய பகுதியே விற்பனைச் சரக்கு என்பதுதான் சிக்கல். எனவே வெட்டுப்பட்டது கதை.

ஸ்டீஃபன் சயாடியன் வேறொரு பெயரில் இயக்கிய, 1982இன் ‘கஃபே ஃபிளெஷ்’ என் மேசைக்கு வந்த வாரத்தில் இந்தக் கணக்கு பிசகியது. அணுப்போருக்குப் பின் பிழைத்தவர்களில் 99 விழுக்காட்டினர் தொட்டால் நோயுறுகிறார்கள். எஞ்சிய ஒரு விழுக்காட்டினர் மற்றவர்கள் பார்ப்பதற்காக மேடையேறிக் கூடவேண்டும் என்பது அங்கே சட்டம். கதையின் விதியும் காட்சியும் ஒன்றாகிவிட்டதால், மேடையில் எது நடந்தாலும் கதை நிற்கவில்லை. பார்வையாளர் வரிசையில், தானும் அந்த ஒரு விழுக்காட்டில் ஒருத்தி என்பதைக் காதலனிடம் மறைத்து அமர்ந்திருக்கும் லானாவின் முகத்தில் அது நகர்ந்துகொண்டிருந்தது. நடிப்பு சீராக இல்லை, வசனத்தில் அலங்காரம் மிகுதி. இருந்தும் வரி எழுத எதுவுமில்லாத நீண்ட இடைவெளிகளில் வழக்கம்போல் வேகமாக ஓட்டிச் செல்ல என் கை எழவில்லை. அன்று நான் கோப்பை ஒப்படைக்க ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.