முதல் ஸ்பேனர் செட்

வண்டி வேலை பழகும் தம்பி ஒருவர் எந்த ஸ்பேனர் செட் வாங்கலாம் என்று கேட்டார். 100 துண்டுப் பெட்டியெல்லாம் வேண்டாம், பாதி துருப்பிடிக்கத்தான் போகிறது. நம் ஊர் பைக், காருக்கு 8, 10, 12, 13, 14, 17, 19 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வேலை ஓடும். ஒரு முனை வாய், மறுமுனை ரிங் உள்ள காம்பினேஷன் ஸ்பேனராக எடுங்கள். இறுகிய போல்ட்டை முதலில் ரிங் பக்கம் போட்டு இளக்குங்கள். வாய்ப் பக்கம் இரண்டு பட்டையை மட்டுமே பிடிப்பதால் நழுவி, போல்ட் தலையை மழுக்கிவிடும். அதே காரணத்துக்காகத்தான், சாக்கெட் (போல்ட் தலைமேல் குல்லா போல மாட்டித் திருப்புவது) வாங்கினால் உள்ளே ஆறு பட்டை உள்ளதாக எடுங்கள். வாயைத் திருகி அளவு மாற்றும் ஸ்க்ரூ ஸ்பேனரா? அது குழாய் வேலைக்கு இருக்கட்டும்.

அப்புறம், 10 மட்டும் இரண்டாக வாங்குங்கள். பேட்டரி டெர்மினல் கழற்றும்போது எஞ்சின் சந்துக்குள் விழுந்து தொலைவது எப்போதும் அதுதான்!