ஜெர்மன் அவார்டை இங்கே நிறைவேற்றப் போனால், மொழிபெயர்ப்பை முதலில் பாருங்கள்

ஹாம்பர்க்கில் கிடைத்த ஆர்பிட்ரேஷன் அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, இங்கே நிறைவேற்றக் கேட்டு மனு போட்டோம். கட்சிக்காரர் ஒரு ஜெர்மன் இயந்திரக் கம்பெனி. எதிர்த்தரப்பு கோவைப் பக்கத்து நூற்பாலை. நம் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கேட்கும் அவார்டு, ஒப்பந்தம் எல்லாம் கையில் இருந்தன, தாக்கலும் சிக்கலில்லாமல் முடிந்தது.

எதிர்மனு வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. "ஒப்பந்தத்தில் ஹாம்பர்க்கும் வென்யூ, கோவையும் வென்யூ. ஆகவே இது வெளிநாட்டு அவார்டே இல்லை, 34-ஆம் பிரிவுப்படி ரத்து கேட்போம்" என்று எழுதியிருந்தார்கள். சீனியர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஏம்ப்பா, ஜெர்மன்ல ரெண்டும் வேற வேற வார்த்தையா இருக்கே, இங்க மட்டும் ஏன் ஒண்ணு?" ஜெர்மன் தெரியாதவருக்கும் எழுத்தைப் பார்த்தாலே புரியும். ஹாம்பர்க் பக்கத்தில் 'ஷீட்ஸ்ஓர்ட்', அதாவது சீட்: எந்த நாட்டு நீதிமன்றம் அவார்டை ரத்து செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டப்படியான இடம். கோவையை விசாரணைக்கு உட்காரும் இடமாக, அதாவது வென்யூவாக, மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். கட்சிக்காரர் காசு கொடுத்து அமர்த்திய ஏஜென்சி இரண்டையும் 'வென்யூ' ஆக்கி முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தது.

இது சின்னப் பிழை இல்லை. ஜெர்மன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 1043-ஆம் பிரிவும் நம் 1996 சட்டத்தின் 20-ஆம் பிரிவும் ஐ.நா. வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ராலின் 1985-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்திலிருந்து வந்தவைதான். ஆனால் நம் 20-ஆம் பிரிவில் 'சீட்' என்ற சொல்லே கிடையாது. இரண்டுக்கும் 'பிளேஸ்' தான். சீட், வென்யூ சண்டையெல்லாம் 2012 பால்கோ வழக்கு, 2019 பிஜிஎஸ் சோமா வழக்கு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் வளர்ந்தது. வேறு குறிப்பு இல்லையென்றால் வென்யூவையே சீட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2019 தீர்ப்பு சொல்கிறது. அங்கே சாதாரணமாகத் தெரியும் ஒரு சொல் இங்கே வழக்கையே கவிழ்த்துவிடும். அதே ஏஜென்சி 'ஷ்லிக்டுங்' என்ற சமரசக் கட்டத்தையும் ஆர்பிட்ரேஷன் என்றே போட்டிருந்தது. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

மொழிபெயர்ப்பு கோளாறு, எனவே மனுவே செல்லாது என்றும் எதிர்த்தரப்பு வாதாடியது. தொடக்கத்திலேயே எல்லாக் காகிதமும் சரியாக இல்லை என்பதற்காக மனுவைத் தள்ள வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் பிஇசி வழக்கில் சொன்னதைக் காட்டினோம். திருத்திய மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்ய அனுமதி கிடைத்தது. நிம்மதிப் பெருமூச்சு!

இரண்டாம் முறை ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தோம். அவரிடம் சீட் சம்பந்தமான நம் ஊர்த் தீர்ப்புகளையும் கொடுத்தோம். சான்றளிப்பதிலும் கவனம் வேண்டும்: 47(2)-இன்படி உங்கள் கட்சிக்காரர் எந்த நாட்டைச் சேர்ந்தவரோ அந்த நாட்டுத் தூதரக அதிகாரி சான்றளிக்க வேண்டும், அல்லது இந்தியச் சட்டப்படி போதுமான வேறு முறையில் சான்று இருக்க வேண்டும்.

அப்புறம் அடுத்த வாய்தாவிலேயே வென்யூ வாதத்தை அவர்கள் கைவிட்டார்கள். நிறைவேற்றத்தை மறுக்கச் சொல்லும் 48-ஆம் பிரிவு ஆட்சேபணைகள் மட்டும் பாக்கி.