மார்க் போடுவதற்கு முன்

கடலூரில் எங்கள் பி.எட். மாணவிகள் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். 2015-இல் படிப்பு இரண்டாண்டு ஆனதிலிருந்து பள்ளியில் இருக்கும் காலம் கூடியிருக்கிறது, நல்ல விஷயம். வகுப்பு முடிந்ததும் "மேடம், எத்தனை மார்க்?" என்பார்கள். நான் உடனே சொல்வதில்லை. பிள்ளைகள் எங்கே விழித்தார்கள், அப்போது நீ என்ன செய்தாய் என்று பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் முதலில் எழுதச் சொல்வேன்.

மஞ்சக்குப்பத்தில் ஏழாம் வகுப்புக்கு அடர்த்தி நடத்திய ஒருத்தி எழுதியிருந்தாள்: "கேள்வி கேட்டேன், அவர்கள் யோசிப்பதற்குள் நானே பதிலையும் சொல்லிவிட்டேன்." இதையே நான் சொல்லியிருந்தால் குறை சொல்வதாகத்தான் பட்டிருக்கும். மறுநாள் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் சரியாகச் சொன்னான். அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து மார்க் போட்டோம். அவள் தனக்குப் போட்டுக்கொண்டது நான் போட்டதைவிடக் குறைவு.