கொடை கேசட்டுகளைத் தரம் குறையாமல் காப்பாற்றுவது: இதுவரை செய்தது

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் சுடலைமாடசாமி கோயில் கொடையை, அதாவது திருவிழாவை, மாமா பல வருஷம் தன் கேம்கார்டரில் எடுத்து வைத்திருக்கிறார். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை, மறுநாள் பொங்கல் எல்லாம் அதில் இருக்கிறது. பெரும்பாலானவை மினிடிவி என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்டுகள், கொஞ்சம் ஹை8 என்ற பழைய வகை. மினிடிவி வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஹை8-இல் இப்போதுதான் கை வைக்கிறேன்.

இதில் சிலவற்றை முன்பே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடி போட்டு வாங்கியிருந்தோம். அந்தத் தட்டுகளில் இரண்டு இப்போது எந்த டிரைவிலும் ஓடவில்லை. ஓடுகிறவையும் பார்க்கும்படி இல்லை: இருட்டில் தீப்பந்தம் வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. காரணம் எளிது. மினிடிவியில் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி. இரண்டு மணி நேரத்தை 4.7 ஜிபி தட்டுக்குள் அமுக்கினால் ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இரவுக் காட்சியில் அது முதலில் தெரிந்துவிடும். நல்ல வேளை, மாமா கேசட்டுகளைத் தூக்கிப் போடவில்லை.

மினிடிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகி, படத்தைக் கணினிக்கு மாற்றித் தரும் யுஎஸ்பி குச்சி வழியாக எடுத்தால் டிஜிட்டல் படம் அனலாக் ஆகி, மறுபடி டிஜிட்டல் ஆகும். அதற்கு அவசியமே இல்லை. கேமராவில் ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்புக்கான துளை இருக்கும். அது வழியாக எடுத்தால் நாடாவில் உள்ள எண்கள் அப்படியே கணினிக்கு வரும். கேமராவிலேயே யுஎஸ்பி துளையும் இருக்கிறதே என்று தோன்றும். பல மாடல்களில் அது போட்டோவுக்கும் தரம் குறைந்த வீடியோவுக்கும்தான்.

இப்போதைய கணினிகளில் ஃபயர்வயர் கிடையாது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃபயர்வயர் கார்டு போட்டு, லினக்ஸ் ஏற்றி, டிவிகிராப் என்ற மென்பொருளில் எடுக்கிறேன். வயரைச் செருகும்போது இரண்டு பக்கமும் அணைத்து வைத்துவிடுங்கள். பெரிய ஆறு முனைப் பிளக்கைத் தலைகீழாக அழுத்தினால் கேமராவின் துளையே கருகிவிடும்.

கேசட்டைப் போடுவதற்கு முன் அதன் முதுகில் உள்ள சின்னப் பொத்தானைப் பதிவு ஆகாத பக்கம் தள்ளிவிட வேண்டும். பிறகு கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்வேன். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த நாடா அப்போதுதான் சீராகச் சுற்றும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. கேமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுத்துவிடும். அப்படி ஒன்று இருக்கிறது, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

எடுப்பதில் அவசரம் காட்ட வழியில்லை. ஒரு மணி நேரக் கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். எங்கள் பகுதியில் கரண்ட் போய் வருவதால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்குவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது, ஒவ்வொரு காட்சியும் எடுத்த தேதியும் நேரமும் படத்தோடு சேர்ந்தே நாடாவில் பதிவாகியிருப்பதுதான். டிவிகிராப் அதைப் படித்து ஃபைல் பெயரிலேயே போட்டுவிடும். மாமா கேமராவில் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தார். அதனால் எந்த வருஷக் கொடை, வில்லு எத்தனை மணிக்குத் தொடங்கியது, சாமக்கொடை எப்போது என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. டிவிடியில் இதெல்லாம் தொலைந்து போயிருந்தது.

சில கேசட்டுகளில் சதுரம் சதுரமாகப் படம் உடைந்தது. ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடுத்தால் பாதி சரியாகிவிடும். மீதிக்கு டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே கேசட்டைப் பல தடவை எடுத்துக் கொடுத்தால், எதில் எந்தப் படம் நன்றாக இருக்கிறதோ அதைப் பொறுக்கிச் சேர்த்து ஒரே ஃபைலாகத் தருகிறது. அருமையான வேலை.

அடுத்து எடிட்டிங். மூல ஃபைலில் நான் கை வைப்பதே இல்லை. நிறம் கூட்டுவது, புள்ளி குறைப்பது, ஒலி சரிசெய்வது எதுவானாலும் நகலில்தான். வெறுமனே வெட்டி ஒட்டுவதாக இருந்தால் தரம் ஒரு துளியும் குறையாது. மினிடிவியில் ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் மறுபடி சுருக்காமல் நகலெடுக்கச் சொன்னால் போதும்.

வீட்டில் பார்ப்பதற்கான நகலில்தான் பலரும் தரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். நம்மூர் டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 படம். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றுவிட்டு ஒன்று கோடுகளாக இரண்டு பாதிகள். அந்தப் பாதிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. அதாவது அசைவு நொடிக்கு 50 தடவை பதிவாகியிருக்கிறது. கோடுகளை நீக்குகிறேன் என்று 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும். எஃப்எஃப்எம்பெக்கில் கோடு நீக்கும் யாடிஃப் வடிகட்டியை வேறெதுவும் சொல்லாமல் போட்டால் இதுதான் நடக்கும். நான் பிடபிள்யூடிஃப் என்ற இன்னொரு வடிகட்டியைப் போட்டு 50 ஆகவே வைக்கிறேன். மினிடிவியில் கீழ்ப்பாதி எனப்படும் இரண்டாவது, நான்காவது கோடுகளின் பாதிதான் முதலில் வரும்; அதை மாற்றிக் கொடுத்தால் சாமியாடுகிறவர் முன்னும் பின்னும் உதறுவதுபோல் தெரியும்.

வித்தியாசம் வில்லுப்பாட்டில்தான் பளிச்சென்று தெரிகிறது. முதன்மைப் பாடகரான அண்ணாவி வீசுகோலைச் சுழற்றி வில் நாணில் அடிப்பதும், உடுக்குக்காரர் விரலும், குடம் அடிக்கிறவர் கையும் டிவிடியில் வெறும் மங்கல். இப்போது ஒவ்வொரு அடியும் தெரிகிறது. மாமாவிடம் போட்டுக் காட்டினேன். “ஏல, நான் எடுத்தது இப்படித்தாம்ல இருந்துச்சு,” என்றார். இந்த வேலைக்கு அது போதும் எனக்கு.

உறவுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புகிறேன், பெரியது என்றால் பென் டிரைவ்.

மூல ஃபைல்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. 1 டிபியில் எழுபது மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். ஒன்று பாளையங்கோட்டையில் என்னிடம், இன்னொன்று மதுரையில் அக்காவிடம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனை வீடுகளில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது என்று பார்த்தோம். ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைப்பது பிரதியே இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் துளி மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்க் கெட ஆரம்பித்தால் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கேசட்டுகளும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

இனி ஹை8. அது அனலாக், ஆகவே அப்படியே நகலெடுக்க முடியாது. அதே அளவுக் கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் டிஜிட்டல்8 கேமராக்கள் சில ஹை8 கேசட்டை ஓட்டி ஃபயர்வயரில் தந்துவிடும். அப்படி ஒன்று தெரிந்தவரிடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அதில் வழியிலேயே ஒரு சுருக்கம் நடக்கும். எஸ்-வீடியோ என்ற அனலாக் வயர் வழியாக எடுத்து எஃப்எஃப்வி1 முறையில் இழப்பில்லாமல் சேமிப்பது இன்னும் நல்லது, இடம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். ஒரே கேசட்டை இரண்டு வழியிலும் எடுத்து, இருட்டுக் காட்சிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடுவேன்.