நத்தம் ரோட்டில் ஒரு மஞ்சள் முடிச்சு

குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பழனிக்கு நடக்கிறவர்களிடம் எந்த நாள் கஷ்டமான நாள் என்று கேட்டுப்பாருங்கள். எங்கள் குழுவில் எல்லோரும் நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகிற நாளைத்தான் சொல்வார்கள். 35 கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு. சிங்கம்புணரி வரைக்கும் இருந்த வேகம் அதற்குள் காலை விட்டுப் போயிருக்கும்.

நான் நடந்தது அம்மாவின் வேண்டுதலுக்காக. தங்கச்சி பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தால் தைப்பூசத்துக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். முருகன் காப்பாற்றிவிட்டான். அம்மாவால் இப்போது மூட்டுவலியோடு வாசல்படி இறங்குவதே பெரும்பாடு. மாலையை நான் போட்டுக்கொண்டேன்.

நத்தம் மாரியம்மனை வாசலிலேயே கும்பிட்டுவிட்டு இருட்டோடு கிளம்பினோம். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. பூத்திருக்கிற நேரம், கண்ணுக்கு ஒன்றும் தெரிவதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. விடிந்ததும் இடது பக்கம் சிறுமலை. காலையில் வெயில் முதுகில்தான் விழும், நடந்துவிடலாம். கோபால்பட்டி தாண்டி மதியம் சாய்ந்தால் அதே வெயில் முகத்துக்கு நேராக வரும். தார் சுடுகிறதே என்று ஓரம் ஒதுங்கினால் ஜல்லி குத்தும். முன்னால் போகிற காவடிக்காரர் யாராவது சிந்து எடுத்தால் அந்தக் கொஞ்ச தூரம் வலி தெரியாது.

எனக்குக் குதிகாலில் கொப்புளம். குருசாமி ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்து, ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் ஓட்டி, நூலை உள்ளேயே விட்டுவிட்டார். நீர் அது வழியாக இறங்கிவிடும், தோலை மட்டும் உரிக்காதே என்றார். எழுந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. இதற்கு மேல் முடியாது, வேனில் ஏறிக்கொள்ளலாம் என்றுகூட மனசு சொன்னது.

அப்போதுதான் ரோட்டோரம் குடத்தோடு நின்றிருந்த ஓர் அம்மா கூப்பிட்டார். "சாமி, கொஞ்சம் நில்லுங்க." மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீர். இரண்டு காலிலும் ஊற்றினார். என் அம்மா வயதுக்காரர், குனிந்து என் காலைத் தொட வந்ததும் பதறி விலகினேன். "உங்களுக்கில்ல சாமி, மலைக்குப் போற காலுக்கு" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இடுப்பிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த காசை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டுக்காரர் படுத்த படுக்கையாம், விட்டுவிட்டு வர முடியாதாம். "உண்டியல்ல சேர்த்துடுங்க." பேரைச் சொல்லுங்கம்மா, சன்னதியில் சொல்கிறேன் என்றேன். "அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்து வந்தவர் காலுக்குக் குடத்தைச் சாய்த்தார்.

அதற்கப்புறம் வேன் நினைப்பே வரவில்லை. சாணார்பட்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மனசு நொந்த விஷயமும் உண்டு. அன்னதானம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை வயல் வரப்பில் வீசிவிட்டுப் போகிறார்கள். அந்த வயல்காரர்தானே நமக்கு மோர் ஊற்றுகிறார்? நடக்கிறவர்களை உரசிக்கொண்டு ஹாரன் அடித்துப் பறக்கிற கார்கள் வேறு. பழனி அடிவாரத்தில் புரோக்கர் தொல்லை. சீக்கிர தரிசனம், நல்ல மொட்டை, நம்ம கடை பஞ்சாமிர்தம் என்று கையைப் பிடித்தே இழுக்கிறார்கள். தேய்ந்த காலோடு வருகிறவனிடம் இதைச் செய்யலாமா?

செல்போனைக் கீழே கொடுத்துவிட்டு, திருஆவினன்குடியில் கும்பிட்டு, 693 படியும் ஏறினேன். கூட்டத்தில் கால் தரையில் படவே இல்லை. ராஜ அலங்காரம். அந்தச் சின்ன முகம், சிரிக்கிறானா பார்க்கிறானா என்று தெரியாத முகம். அம்மா பேர், தங்கச்சி பேர், பிள்ளை நட்சத்திரம் எல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. தீபம் காட்டினார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள், வெளியே வந்துவிட்டேன். உண்டியலில் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே போட்டேன்.

முருகா, குடம் சுமந்து நின்ற அந்த அம்மாவையும் படுத்திருக்கிற அவர் வீட்டுக்காரரையும் பார்த்துக்கொள். மோர் கொடுத்தவர்கள், ராத்திரி காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கல்லூரிப் பிள்ளைகள், எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த தைக்கும் என்னைக் கூப்பிடு அப்பா.

வேலும் மயிலும் துணை.