கிளாஸ்கோ படப்பிடிப்பில் முதல் ஆறு நாள்

சென்னையில் ஏழு மாதம் உதவி இயக்குநராக இருந்தபோது 'கால்ஷீட்' என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நடிகர் நமக்குக் கொடுத்திருக்கும் தேதி. "அவரு கால்ஷீட் கிடைக்கல", "இன்னைக்கு கால்ஷீட் வீணாப் போச்சு" என்று நாள் முழுக்கக் காதில் விழும். 2024 டிசம்பரில், பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மெர்ச்சன்ட் சிட்டி பகுதியில் நடந்த ஒரு தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்பில் ரன்னராக, அதாவது எடுபிடி வேலைகளுக்கு ஓடும் கடைநிலை உதவியாளராக, சேர்ந்தேன். முதல் நாளுக்கு முந்தைய மாலை மின்னஞ்சலில் 'கால்ஷீட்' என்ற பெயரில் நான்கு பக்கம் வந்தது. எந்தக் காட்சி, யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும், சூரியன் உதிப்பதும் மறைவதும் எப்போது, மழை வருமா, வண்டிகளை எங்கே நிறுத்துவது, அவசரப் பிரிவு உள்ள பக்கத்து மருத்துவமனை எது, எல்லாம் அதில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் உதவி இயக்குநர் துறையின் கடைசி வரியில் என் பெயர். எதிரே 06:30.

வெளிநாட்டில் சினிமா படிக்க வந்திருக்கிற, வரப்போகிற நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எப்படி உள்ளே போனீர்கள் என்று. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல். விஸ்காம் முடித்து, ஒரு படத்தில் வேலை பார்த்து, அப்புறம் முதுகலைக்காக கிளாஸ்கோ வந்தேன். இங்கே வந்தபிறகுதான் இந்த ஊருக்குள் எத்தனை படப்பிடிப்பு நடக்கிறது என்று தெரிந்தது. நகரின் மையத் தெருக்கள் கட்டம் கட்டமாக, நேர்க்கோட்டில் வெட்டிக்கொண்டு போகும். பழைய கல் கட்டடங்கள் உயரமாக இருக்கும். அதனால் அமெரிக்க நகரமாகக் காட்டுவது சுலபம். 2011இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காக நகரின் மையச் சதுக்கமான ஜார்ஜ் ஸ்கொயரையே அமெரிக்காவின் பிலடெல்பியாவாக மாற்றியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த தொடரிலும் ஒரு தெருவில் அமெரிக்க விளக்குக்கம்பமும் மஞ்சள் டாக்ஸியும் நின்றன.

முப்பத்தெட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்தது இரண்டு. என் சுயவிவரத்தில் நான் செய்திருந்த பெரிய பிழையை அந்த இரண்டில் ஒருவர்தான் சொன்னார். 'உதவி இயக்குநர், ஏழு மாதம்' என்று மேலேயே போட்டிருந்தேன். "இதைப் பார்த்தால் ஒன்று நம்பமாட்டார்கள், இல்லையென்றால் பெரிய வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்" என்றார். நம்மூரில் உதவி இயக்குநர் என்றால் கதை விவாதத்தில் உட்காருவோம், கிளாப் அடிப்போம், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இருக்கவேண்டிய விவரங்கள்) எழுதுவோம், நடிகருக்கு வசனம் சொல்லிக்கொடுப்போம், ஒருநாள் நாமும் இயக்குநர் ஆவோம் என்ற கனவிலேயே ஓடுவோம். இங்கே கிளாப் அடிப்பவர் கேமரா துறை. கன்டினியூட்டிக்கு ஸ்க்ரிப்ட் சூப்பர்வைசர் என்று தனி ஆள். உதவி இயக்குநர் துறையின் கையில் இருப்பது நேரமும் ஆட்களும்தான். 'ஃபர்ஸ்ட்' என்று கூப்பிடப்படும் முதல் உதவி இயக்குநர் களத்தை நடத்துவார். 'செகண்ட்' யூனிட் பேஸில், அதாவது படப்பிடிப்பு வண்டிகள் எல்லாம் நிற்கும் இடத்தில், உட்கார்ந்து மறுநாள் கால்ஷீட்டைத் தயாரிப்பார். 'தேர்ட்' களத்தில் கூட்டத்தையும் ரன்னர்களையும் பார்த்துக்கொள்வார். ரன்னர் இவர்களுக்கெல்லாம் கீழே. நான் விவரத்தைத் திருத்தி ஒரே பக்கமாக்கி, 'ரன்னர் வேலை தேடுகிறேன், சென்னையில் களத்தில் ஏழு மாத அனுபவம்' என்று போட்டேன். அடுத்த வாரமே தொலைபேசி வந்தது.

கேட்ட முதல் கேள்வி, கார் ஓட்டத் தெரியுமா. இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே முதல் 12 மாதம் கார் ஓட்டலாம். ஆனால் எனக்கு ஓட்டவே தெரியாது. அதைச் சொன்னேன். "பரவாயில்லை, களத்துக்கு ஆள் வேண்டும்" என்றார்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஊரில் கற்றுக்கொண்டு வந்துவிடுங்கள், பாதி விளம்பரங்களில் இதைக் கேட்கிறார்கள்.

விசா விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். பட்டப்படிப்பு, முதுகலை மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் வாரங்களில் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம். நான் டிசம்பரைப் பிடித்தது அதற்காகத்தான். ஒரு வருட முதுகலையில் கோடைக்காலம் ஆய்வேடு எழுதும் காலம், அதை விடுமுறை என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. இந்தத் துறையில் நிறையப் பேர் சுயதொழில் கணக்கில்தான் பில் போடுகிறார்கள். அதனால் "சம்பளப் பட்டியலில் வைத்து, வரி பிடித்துக் கொடுப்பீர்களா?" என்று முதலிலேயே கேட்டேன். ரன்னர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அரசின் இணையதளத்தில் ஒன்பது எழுத்து 'ஷேர் கோட்' எடுத்து அனுப்பினேன், அதை வைத்து என் வேலை உரிமையைச் சரிபார்த்தார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரிக் கணக்குக்கான நேஷனல் இன்சூரன்ஸ் எண் அப்போது வந்திருக்கவில்லை. விண்ணப்பித்திருந்தால் போதும், உரிமை இருப்பது உறுதியானால் வேலையைத் தொடங்கலாம். இதற்காகக் கிடைத்த வேலையை விட்டுவிடாதீர்கள்.

கிளாஸ்கோவின் சுரங்க ரயிலான சப்வே காலை 6:30க்குத்தான் ஓட ஆரம்பிக்கும். எனக்கு 6:30க்கு அங்கே இருக்கவேண்டும். நான் தங்கியிருந்த ஹில்ஹெட் பகுதியிலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பி நடந்தேன். ஆராய்ச்சி படிக்கும் திருநெல்வேலி அக்கா ஒருவர் தன் மழைக் கால்சட்டையும் கம்பளி உள்ளாடையும் கொடுத்திருந்தார். "ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போடாத, இறுகிப்போய் ரத்தம் ஓடாது, ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் போதும்" என்றார். பத்து மணி நேரம் தெருவில் நின்றபிறகு அந்த வார்த்தையின் அருமை தெரிந்தது.

யூனிட் பேஸ் ஒரு கார் நிறுத்துமிடத்தில். ஒப்பனை வண்டி, உடை வண்டி, கழிப்பறை வண்டி, சாப்பாட்டு வண்டி. ஒரு பழைய இரண்டடுக்குப் பேருந்தில் மேஜை நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். காலையில் உருளைக்கிழங்கில் செய்த தட்டையான ஸ்கோன், முட்டை, இரண்டையும் ரொட்டிக்குள் வைத்துச் சுடச்சுடக் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இயக்குநர் என்று பத்து மணிக்குத்தான் தெரிந்தது. அவரைப் பெயர் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். எனக்கு ஆறு நாளும் அது வாயில் வரவில்லை.

என் கையில் 14ஆம் எண் ரேடியோவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். காதில் ஒரு இயர்பீஸ், சட்டைக் காலரில் மைக். முதல் சேனல் உதவி இயக்குநர் துறைக்கு. நீளமாகப் பேசவேண்டியிருந்தால் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயர், நம் பெயர், விஷயம், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு 'காப்பி'.

எனக்குக் கொடுத்த வேலை ஒரு தெருமுனை. கேமரா ஓடத் தொடங்கும்போது ஃபர்ஸ்ட் ரேடியோவில் "டர்னிங் ஓவர்" என்பார். அதை நான் என் முனையில் சத்தமாகத் திருப்பிச் சொல்லவேண்டும். பிறகு 'கட்' வரும்வரை அந்தப் பக்கமிருந்து யாரும் ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்ட் என்னிடம் முதலிலேயே தெளிவாகச் சொன்னார்: "நடைபாதை அவர்களுடையது. நாம் கேட்கலாம், தடுக்க முடியாது. போகிறேன் என்றால் விட்டுவிட்டு எனக்குச் சொல்." சென்னையில் நாங்கள் கயிறு கட்டிக் கத்துவோம். இங்கே ஒவ்வொருவரிடமும் போய், ஒரு நிமிடம் நிற்க முடியுமா, படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தணிந்த குரலில் கேட்கவேண்டும். நூறு பேரில் ஒன்றிரண்டு பேர்தான் முறைத்துக்கொண்டு போனார்கள்.

முதல் நாள் பதினொரு மணி வாக்கில் ஒரு பாட்டி நாய்க்குட்டியோடு வந்தார். அவர் வீட்டுப் படிவாசல் நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி, ஃப்ரேமுக்குள் இருந்தது. கேட்டேன். நின்றார். டேக் நீண்டுகொண்டே போனது. நாய் என் மழைக் கால்சட்டையை முகர்ந்துகொண்டிருந்தது. அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "கை நீலமாப் போச்சே, ஹென்" என்றார். இந்த ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் அழைப்பார்கள், எங்கள் பக்கத்துக் 'கண்ணு' மாதிரி. 'கட்' வந்ததும் உள்ளே போனவர், இரண்டு நிமிடத்தில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கையுறையால்தான் இரண்டாம் நாள் தவறு நடந்தது, அதற்குக் கையுறை பொறுப்பில்லை. தடித்த விரலோடு மைக் பொத்தானை அழுத்திப் பேசினேன். விட்டதாக நினைத்துக்கொண்டேன். விடவில்லை. ஒருவர் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. நடிகர்கள் நிற்கிறார்கள், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, ஃபர்ஸ்டின் குரல் யாருக்கும் போகவில்லை. ஒன்றரை நிமிடம். தேர்ட் தெருமுனை தெருமுனையாக ஓடி என்னிடம் வந்து, என் காலரிலிருந்து மைக்கை எடுத்து அழுத்தத்தை விடுவித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. சென்னைப் பழக்கத்தில் ஒரு வசவுக்குத் தயாராக நின்றேன். "மைக்கை வெளிப்பக்கமாக மாட்டு, பேசும்போது மட்டும் கையுறையைக் கழற்று" என்று சொல்லி, அவரே மாட்டிவிட்டு ஓடிவிட்டார். சாயங்காலம் நானே ஃபர்ஸ்டிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எல்லோரும் ஒருமுறை செய்வதுதான், இரண்டாம் முறை வேண்டாம்" என்றார்.

வெளிச்சம் பற்றிச் சொன்னேன் அல்லவா. டிசம்பர் நடுவில் கிளாஸ்கோவில் சூரியன் உதிப்பது காலை எட்டே முக்காலை ஒட்டி, மறைவது மாலை நாலு மணிக்கு முன்பே. பகல் மொத்தம் ஏழு மணி நேரம். திண்டுக்கல்லில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அந்த ஏழு மணி நேரத்துக்குள் வெளிப்புறப் பகல் காட்சி எல்லாம் முடியவேண்டும். மணிக்கணக்கை ஃபர்ஸ்ட் ஏன் அப்படிக் காத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

நான்காம் நாள் சற்றுச் சங்கடமானது. கூட்டத்தில் நடக்க வேண்டிய துணை நடிகர் ஒருவர் வரவில்லை. தேர்ட் என்னைப் பார்த்து, "ஒரு கோட் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நடந்துவிடு" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாணவர் விசாவில் கேளிக்கைக் கலைஞராக வேலை பார்க்கக்கூடாது என்று நிபந்தனை உண்டு. கூட்டத்தில் ஒருத்தியாக நடப்பதும் நடிப்புக் கணக்கில் வந்துவிட்டால், அப்பா வாங்கிய கல்விக் கடன் முதற்கொண்டு எல்லாம் கேள்விக்குறி. "என் விசாவில் அதற்கு இடமில்லை" என்றேன். சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. "சொன்னதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பிடித்தார். நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். மறைத்துச் செய்தால் நமக்கு மட்டுமில்லை, வேலை கொடுத்தவருக்கும் தொல்லை.

ஐந்தாம் நாள்தான் நான் மறக்கவே மாட்டேன். இங்கே ஒரு நாள் என்பது பத்து மணி நேர வேலை, ஒரு மணி நேரச் சாப்பாடு. வேலை முடிந்து மறுநாள் தொடங்கும் வரை 11 மணி நேர ஓய்வு கொடுக்கவேண்டும். அன்று ஒரு இரவுக் காட்சி மழையில் இழுத்துக்கொண்டு போய், ரேடியோவைத் திருப்பிக் கொடுக்கும்போது மணி 8:15. மறுநாள் எனக்கு வழக்கம்போல 6:30 என்று நினைத்து அலாரம் வைத்துக்கொண்டிருந்தேன். கால்ஷீட் வந்தது. என் பெயருக்கு எதிரே 07:15.

விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதினொரு மணி நேரம். சென்னையில் நான் தொடர்ந்து மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் தூங்கி வேலை பார்த்திருக்கிறேன். பாசமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், சாப்பாட்டுக்குக் குறையில்லை, பேட்டா ஒழுங்காக வந்தது. ஆனால் நான் எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை, எடுக்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. செகண்ட் என்னை நேரில் பார்த்தது இரண்டே தடவை. அவர் தன் அறையில் உட்கார்ந்து, கடைசி வரியில் இருக்கும் ரன்னர் எப்போது கிளம்பினாள் என்று பார்த்து, முக்கால் மணி நேரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார். நம் படப்பிடிப்புகளிலும் இது வரவேண்டும். ஒரு தாளில் ஒரு வரியை மாற்றுகிற வேலைதான் இது.

சம்பளம் வாரக் கணக்கு. அப்போது 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு, எனக்கு அதுதான். விடுப்புப் பணம் 12.07 சதவீதம் தனி வரியாகச் சேர்ந்து வந்தது, கூடுதல் நேரத்துக்கும் காசு வந்தது. வேலையில் சேரும்போது கொடுக்கும் 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' என்ற வரிப் படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வரியை அதிகமாகப் பிடித்துவிட்டு அப்புறம் திருப்பி வாங்க அலையவேண்டும்.

ஆறாம் நாள் மதியம் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டிக் கையுறையை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.

ஜனவரியில் கல்லூரி திறந்த இரண்டாவது வாரம் செகண்டிடமிருந்து குறுஞ்செய்தி: புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வர முடியுமா? கால்ஷீட்டைப் போலவே விரலை விட்டு எண்ணினேன். இரண்டு நாள், பத்தும் பத்தும் இருபது. அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. "புதனும் வியாழனும் வருகிறேன். இரண்டு நாளும் சரியாகப் பத்து மணி நேரத்தில் என்னை விட்டுவிட வேண்டும், விசா விதி" என்று அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: காப்பி.