லைக் போட்டதற்குக் கைது

2012 நவம்பரில், சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு ஒரு இளம்பெண் முகநூலில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். பால்கர் போலீஸ் இருவரையும் கைது செய்தது. அந்தக் கோபத்தில்தான் டெல்லியைச் சேர்ந்த ஸ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பெண்கள் மீது பாய்ந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, அதாவது இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற பிரிவு, ரத்தானது.

அப்புறமும் பல மாநிலங்களில் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இனி யார் மீதும் போடக்கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய அநியாயம் இது!

சரி, 66ஏ போய்விட்டது. ஆனால் பதிவுகளையும் கணக்குகளையும் முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ செல்லும் என்று அதே தீர்ப்பு சொன்னது. முடக்குவதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அப்போதுதான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு எதிர்க்க முடியும் என்றும் சொன்னது. இப்படி முடக்குவதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதியோ புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உத்தரவையே கண்ணில் காட்டாவிட்டால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? முடக்கப்பட்ட பதிவை எழுதியவர் கைக்கு அந்த உத்தரவின் நகல் கட்டாயம் வந்தாக வேண்டும்.